நிலைக்கால் உள்ளே காலி: ஓதமும் கரையானும் ஏறிய ஓட்டு வீட்டைச் சரிசெய்த பதிவு

எனாமல் பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. கூடத்திலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற நிலையின் இடது காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினேன். அப்பளம் உடைகிற சத்தம். விரல் பாதி உள்ளே போய்விட்டது. மரம் இருக்கவேண்டிய இடத்தில் ஈர மண். மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய்க் கரையான் கலைந்து ஓடியது. வெளியே பார்த்தால் அப்பா கடைசியாக அடித்த பச்சைப் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் தாத்தா வீடு. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், ஒன்றரை அடி கனத்தில் செங்கல் சுவர், தேக்குத் தூண், தேக்கு நிலை. தாத்தாவின் அப்பா கட்டியது, வயது நூறைத் தாண்டிவிட்டது. அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். எனக்குத் திருச்சியில் வேலை, சனி ஞாயிறுதான் போக முடியும். 2022 ஐப்பசியில் விரல் உள்ளே போனதிலிருந்து 2024 கார்த்திகை வரைக்குமான சனி ஞாயிறுகளின் கணக்கு இது. இதே மாதிரி வீடு வைத்திருப்பவர்கள் நான் செய்த தப்புகளையாவது தவிர்க்கலாம்.

அதற்கு முன் மூன்று தடவை மருந்து அடித்தாயிற்று. ஆள் வருவார், முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு சுவரோரமாக ஒரு சுற்று அடிப்பார், "அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லைம்மா" என்பார். அடுத்த மழைக்குச் சுவரில் மண் கோடு மறுபடி ஏறியிருக்கும். நாலாவது தடவை போனை எடுத்தபோது ஆசாரி தடுத்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு மரவேலை அவர் கையில்தான். நிலையை உளிப்பிடியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே டங் டங்கென்று கேட்டது முழங்கால் உயரம் வந்ததும் பொத் பொத்தென்று மாறியது.

"பாப்பா, நீ மரத்தையே பாத்துக்கிட்டிருக்க. சுவத்தத் தொட்டுப் பாரு, சில்லுனு இருக்கா?"

இருந்தது.

மரத்தில் எது வந்திருக்கிறது என்று அவர் பார்க்கிற விதம் எளிது. கொட்டுவது மாவு மாதிரி இருந்து, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை இருந்தால் உளு, மரத்தைத் துளைக்கிற வண்டு. கசகசா மாதிரி காய்ந்த மணி மணியாகக் கொட்டினால், மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற காய்ந்த மரத்துக் கரையான். மண் இருந்தால் நிலத்திலிருந்து ஏறி வருவது. எங்களுடையது மூன்றாவது. இதற்குத் தோல் மெல்லிசு, வெளிக்காற்று பட்டால் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் மண்ணைக் குழைத்துக் குழாய் கட்டி, அந்த ஈரத்துக்குள்ளேயே நடக்கிறது. ஈரம் இல்லாத சுவரில் ஏறுவது அதற்கு வெகுதூரப் பாலைவனப் பயணம். எங்கள் சுவர் அதற்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த ராஜபாட்டையாக இருந்தது.

அந்த ராஜபாட்டையைப் போட்டது நாங்கள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சுவரின் கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்பு பொரிந்து கொட்டிக்கொண்டே இருக்கிறதென்று, 1998இல் அப்பா நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினார். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டு வருடம் சுவர் அழகாக இருந்தது. பிறகு சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஓதம், அதாவது சுவரில் ஏறுகிற ஈரம், தெரிய ஆரம்பித்தது. நான் பார்க்கும்போது ஓதக்கோடு ஐந்தரை அடியில் இருந்தது. நிலத்து ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும், பழைய சுண்ணாம்புப் பூச்சு அதை வழியிலேயே காற்றில் விட்டுவிடும். சுண்ணாம்பு கொட்டுவதும் உப்பு பூப்பதும் பார்க்க அசிங்கம்தான், ஆனால் ஈரம் வெளியேறுகிற வாசல் அது. அந்த வாசலைச் சிமெண்டால் அடைத்தோம். ஈரம் அடுத்த வாசலைத் தேடி மேலே போய்விட்டது. போகிற வழியில் நிலைக்காலும் இருந்தது, சுவர் மாடமும் இருந்தது. மாடத்தில்தான் கிஸ்தி ரசீதுகளும் ஜாதகக் கட்டும். தாத்தா ஜாதகத்தில் ராசிக் கட்டத்தைக் கரையான் முழுதாகத் தின்றுவிட்டு நவாம்சத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. "பலன் பாத்துட்டுத்தான் தின்னுருக்கு" என்றாள் அம்மா.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்தால் சுவரிலிருந்து வருவது. உள்பக்கம் முத்து முத்தாய்க் கோத்திருந்தது. இரண்டு ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானி ஒன்றும் வாங்கினேன். மரத்துக்கு அது நல்ல கருவி. 20 சதவீதத்துக்கு மேலே காட்டினால் கவலைப்பட வேண்டும், எங்கள் நிலைக்கால் 31 காட்டியது. சுவரில் குத்தி வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உப்பு ஏறிய சுவர் காய்ந்திருந்தாலும் ஈரம் என்றுதான் அது காட்டும்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினோம். 2023 தை முழுக்க இந்த வேலைதான்.

என் சின்ன வயதில் தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி ஏறுவோம். இப்போது ஒரு படிதான். வீடு இறங்கவில்லை, பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு ஏறிவிட்டது. மழைத் தண்ணீர் தெருவிலிருந்து நம் வீட்டைப் பார்த்து வருகிறது. கொல்லையிலும் அதே கதை. கஜா புயலுக்குப் பிறகு மண் அடித்து மேடாக்கியதில் பேஸ்மட்டம் முக்கால்வாசி மூழ்கிப்போயிருந்தது. முற்றத்தில் பழைய செங்கல் தளத்தின் மேல் சிமெண்ட் போட்டபோது வாட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டார்கள். தண்ணீர் தூம்பை நோக்கிப் போகாமல் கூடத்துச் சுவரோரம் தேங்கியது. வாளியில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பொடி தூவிப் பார்த்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அந்த முற்றத்தில் உட்கார்ந்து மழை பார்த்திருக்கிறோம்!

கொல்லையில் சுவரை ஒட்டி முக்கால் அடி மண்ணை எடுத்துப் பேஸ்மட்டத்தை வெளியே கொண்டுவந்தோம். அதை ஒட்டி ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, கொல்லைக் கடைசிக்கு வாட்டம் கொடுத்தோம். முற்றத்துச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் செங்கல்லைத் திரும்பப் பரப்பினோம். தெருப்பக்கம் செய்ய முடிந்தது குறைவு. திண்ணைக்கு முன்னால் ஒரு சின்ன வரப்பும் ஓடையும், அவ்வளவுதான். கூரையின் இரண்டு சரிவுகள் கூடுகிற கூடல்வாயில் கஜா காற்றில் உடைந்த ஓடுகளின் கீழே தகரம் சல்லடையாக இருந்தது. மாற்றினோம்.

மண் எடுக்கும்போதுதான் அது வந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜாவில் எங்கள் கொல்லையில் இரண்டு தென்னை சாய்ந்தன. மரத்தை அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள், அடிக்கட்டைகளை அப்படியே மண் போட்டு மூடிவிட்டோம். ஊரே தென்னையை இழந்து நின்ற நேரத்தில் அடிக்கட்டையைத் தோண்டுவதையா யோசிப்பார்கள். அதில் ஒன்று சுவரிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. மண்வெட்டி பட்டதும் கட்டை சோறு மாதிரி குழைந்தது. இன்னும் தோண்டியதில் தேங்காய் அளவுக்குப் பொந்துகள். ஒவ்வொன்றிலும் பழுப்பாக, கடற்பஞ்சு மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உருண்டை, அதன் மேல் கடுகு அளவில் வெள்ளைப் புள்ளிகள். கரையான் மென்ற மரத்தில் வளர்க்கிற பூஞ்சைத் தோட்டம் அது. மழைக்கு அந்த இடத்தில் புற்றுக்காளான் முளைக்கும். அம்மா பறித்துக் குழம்பு வைப்பாள், நானும் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன். காளான் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மருந்தே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். வந்துவிட்ட கூட்டத்துக்கு மருந்து வேண்டும். எப்படிப் போடுவது என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. ஐஎஸ் 6313, அதில் மூன்றாம் பகுதி ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கானது. தரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, அடியில் உள்ள மண் வரைக்கும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் வரை கரைசல் செலுத்த வேண்டும். மேலே தெளித்துவிட்டுப் போவது கணக்கிலேயே வராது. எங்களுக்கு வந்த ஆட்கள் துளை போட்டதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. காவித் தரையில் துளை போட அம்மாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான். அதனால் முடிந்த இடத்திலெல்லாம் வெளிப்பக்கத்திலிருந்து மண்ணில் இறக்கினோம். கூடத்தில் மட்டும் பதினேழு துளை. பிறகு காவி கலந்த சாந்தால் அடைத்தோம், தேடினால்தான் தெரியும். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் என்கிற கரையான் மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்தோம். கிணற்றுப் பக்கத்துச் சுவரில் ஒரு துளிகூட விடவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அம்மா குளிக்கிறாள், துவைக்கிறாள். அங்கே மண் குழாயைச் சுரண்டுவது, வாரம் ஒரு தடவை பார்ப்பது, மரத்துக்கு மட்டும் போராக்ஸ் என்று நிறுத்திக்கொண்டோம்.

மரவேலை சித்திரையில் தொடங்கியது.

முற்றத்தைச் சுற்றி எட்டுத் தேக்குத் தூண்கள். ஒன்றில்கூடக் கரையான் இல்லை, எட்டும் கருங்கல் மேல் நிற்கின்றன. நிலைகளில் மட்டும் ஏன் ஏறியது என்று எனக்குப் புரியவில்லை. நிலைக்காலைச் சுற்றித் தரையை உடைத்தோம். காவித் தரை, அதன் கீழே செங்கல் ஜல்லி, நாலு அங்குலம் போனதும் ஆசாரியின் உளி ணங்கென்று எதிலோ மோதியது. மண்ணைக் கையால் தள்ளினார். கருங்கல் படி, ஓரத்தில் கொத்தின உளித்தடம் அப்படியே. கட்டியவர்கள் நிலையையும் கல் மேல்தான் நிறுத்தியிருக்கிறார்கள். 1960களில் தாத்தா காவித் தரை போட்டபோது தரை நாலு அங்குலம் ஏறி, கல்லும் நிலைக்காலும் உள்ளே போய்விட்டன. ஆசாரி கல்லைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். "எங்க தாத்தா வச்ச கல்லா இருக்கும். ஒங்க தாத்தா மூடிட்டாரு." எனக்குப் பதில் இல்லை.

நிலைக்காலின் வெளிறு, வைரம் பாயாத வெளிப்பகுதி, முழுதும் போயிருந்தது. வைரம் பாய்ந்த நடுப்பகுதி மட்டும் பென்சில் முனை மாதிரி கூராக நின்றது. தேக்கைக் கரையான் தொடாது என்பார்கள். வைரத்தை லேசில் தொடாது, வெளிறைத் தின்னும். அறுபது வருடம் ஈரத்தில் ஊறினால் வைரமும் மெத்தென்று ஆகிவிடுகிறது.

புது நிலை போட்டுவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். மேல்சட்டத்தில் கஜலட்சுமி செதுக்கிய நிலை அது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே உள்ள விட்டத்துக்கு இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்தோம். இடிந்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குத் துண்டு காரைக்குடியில் கிடைத்தது, ஆணி ஓட்டைகளோடு, இரும்பு மாதிரி கனம். நிலைக்காலில் நல்ல மரம் தொடங்குகிற இடத்துக்கு நாலு விரல் மேலே போய் ஆசாரி சாய்வெட்டாக அறுத்தார். சாய்வின் நீளம் காலின் அகலத்தைப்போல மூன்று மடங்கு. புதுத் துண்டை அதே சாய்வில் இழைத்துப் பொருத்திப் பார்த்து, கழற்றி, இரண்டு சீவல் எடுத்து, மறுபடி பொருத்தினார். எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். கடைசியில் இணைப்பில் பேப்பரை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. பிறகுதான் பசை, அப்புறம் குறுக்கே இரண்டு தேக்கு முளை. பொருத்துவதற்கு முன் அடிமுனையைப் போராக்ஸ் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தோம். பத்து லிட்டர் வெந்நீருக்கு 600 கிராம் போராக்ஸ், 400 கிராம் போரிக் ஆசிட். மழை படுகிற மரத்துக்கு இது உதவாது, கரைந்து போய்விடும். உள்வீட்டு மரத்துக்கு நல்லது. நிலைக்கால் மறுபடி கல் மேல் நின்றது. சுற்றிலும் தரையைக் கால் அடிக்கு வெட்டித் திறந்தே விட்டிருக்கிறோம். பெருக்குகிறபோது குப்பை சேர்கிறது என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

கூடல்வாய்க்குக் கீழே சுவருக்குள் நுழைகிற உத்திர முனை ஒன்றும் மக்கியிருந்தது. லாரி ஜாக்கி வைத்து ஒரு நூல் அளவுதான் தூக்கினார்கள், ஓடு சரசரவென்று முனகியது, என் வயிற்றிலும் அதே சத்தம். அந்த வேலையை விவரிக்கிற தைரியம் எனக்கில்லை. அனுபவமுள்ள ஆள் இல்லாமல் யாரும் செய்யவேண்டாம்.

இனி நான் செய்த தப்பு. மாசியில் நாலடி சிமெண்டையும் உளி வைத்துப் பெயர்த்தோம். பின்னாலிருந்த செங்கல் சில இடங்களில் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அப்படிப்பட்ட கற்களை எடுத்துவிட்டுப் பழைய செங்கல்லே வைத்தோம். பூசுவதற்கு முன் சுவர் ஆறவேண்டும். கொத்தனாரின் அப்பா, எண்பதை நெருங்குகிறவர், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஏம்மா, ஒரு மழைய அப்படியே விடு. உப்பக் கக்கட்டும். தை பொறந்து பூசிக்கலாம்." ஒரு வருடம் எலும்பும் தோலுமாகச் சுவரை வைத்துக்கொண்டு அம்மா எப்படி இருப்பாள்? ஆறு வாரத்தில், பங்குனிக் கடைசியில், கூடத்துச் சுவரைப் பூசச் சொல்லிவிட்டேன். வெயில் வேறு கொளுத்தியது. சுண்ணாம்புப் பூச்சு மெதுவாக, ஈரத்தோடு, காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகும். அவசரமாகக் காய்ந்தால் வெறும் பொடி. மார்கழியில் அந்தச் சுவர் பாளம் பாளமாக வந்தது. பின்பக்கம் முழுக்க உப்பு, பஞ்சு மாதிரி. பதினெட்டாயிரம் ரூபாய்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

2024 தையில் மறுபடி தொடங்கினோம், அவர் சொன்னபடி. உப்பை நனைக்காமல், காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து முறத்தில் வாங்கி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் கொதித்துத் தெறித்தது, கண்ணாடி போடாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். நீற்றியதைத் தண்ணீருக்கு அடியிலேயே மூன்று வாரம் வைத்திருந்தோம், வெண்ணெய் மாதிரி ஆனது. தட்டின கடுக்காயும் பனைவெல்லமும் ஒரு பானையில் பத்து நாள் ஊறிப் புளித்தன. சாராயக் கடை வாசனை என்று தெருவில் பேச்சு. சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, பிசைய அந்தத் தண்ணீர். பெரியவருக்குக் கண்ணில் புரை. சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தத்தை வைத்தே வேலை வாங்கினார். மகன் பூச்சைச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையைத் தேய்க்கிற சத்தம் மாறினால் போதும், "அங்க தண்ணி போதலடா" என்பார். இரண்டு வாரம் காலையும் மாலையும் ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்த வேலைக்கெல்லாம் மறுபடி சட்டை மாட்டி மூச்சடைத்த மாதிரி.

மொத்தச் செலவு மூன்று லட்சத்து எண்பதாயிரம். அதில் கரையான் மருந்து, துளை, ஆள் கூலி எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரம்தான்.

எங்கள் வீட்டு ஈரமானி கிணறுதான். உறைகிணறு. சித்திரையில் பதினாலாவது உறையில் தண்ணீர், மழைக்காலத்தில் மூன்றாவது உறைக்கு வந்துவிடும். நிலத்தடித் தண்ணீர் இவ்வளவு மேலே வருகிற ஊரில் ஓதத்தை முழுக்க நிறுத்த முடியாது என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். 2024 கார்த்திகையில், தண்ணீர் மூன்றாவது உறையைத் தொட்ட வாரம், கூடத்துச் சுவரில் பென்சிலால் ஓதக்கோட்டைக் குறித்தேன். பதினாலு அங்குலம். அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு கொட்டியிருந்தது, பெருக்கித் தள்ளியாயிற்று. நிலைக்கால் ஈரமானியில் 16 காட்டியது.

கொல்லைப் பக்கம் போனேன். பேஸ்மட்டத்தை ஒட்டி, ஜல்லி வாய்க்காலின் மேலேயே, இடுப்பளவு உயரத்துக்குத் தென்னை மட்டை அடுக்கியிருந்தது. கீழ் மட்டையைப் புரட்டினால் புது மண் கோடு, இன்னும் ஈரமாக.

"என்னம்மா இது?"

"பொங்கலுக்கு அடுப்பெரிக்க வேணாமா? மழையில எங்க கொண்டுபோய் வைக்க?"

அப்பாவின் பழைய இரும்புக் கட்டிலைக் கொல்லை நடுவில் இழுத்துப் போட்டு, மட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி அதன் மேல் அடுக்கினேன். அம்மா திண்ணையிலிருந்து, "நனையுது பாரு, ஒரு தார்ப்பாயாவது போடு" என்றாள்.